லேப்டாப்பை முதலில் திறந்தவள்

பண்டமாரான்
3 ஜூலை 2025

கலாவுக்கு,

ஃபேஸ்புக்கில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். உன் மின்னஞ்சலுக்கு மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. புது போன் நம்பர் யாருக்கும் தெரியாது. நம் குழுவில் தப்பு மேளம் அடிக்கும் தம்புசாமிதான், நீ பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஒலிப்பதிவு ஸ்டூடியோவில் இருப்பதாகச் சொல்லி முகவரி கண்டுபிடித்துக் கொடுத்தான். தபால் தலை கேட்டபோது கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நம் உருமி மேளக் குழுவின் லேப்டாப்புக்குச் சாவி எங்கே?

தைப்பூசத்தன்று லோரியில் மழை ஒழுகி லேப்டாப் பெட்டி நனைந்துவிட்டது. கிள்ளானில் ஹாசிம் கடையில் கொடுத்தேன். மதர்போர்டு போய்விட்டது என்று வேறு போட்டார். போட்டதும் நீலத் திரை ஒன்று வந்தது. நாற்பத்தெட்டு இலக்க மீட்புச் சாவியைப் போடு என்கிறது. நான் பாஸ்வேர்டைப் போட்டேன். அது வேறு, இது வேறாம். இந்தச் சாவி இல்லாமல் டிஸ்க்கில் இருப்பதைக் கடவுளே வந்தாலும் படிக்க முடியாது என்கிறார் ஹாசிம்.

எனக்குத் தெரிந்து அந்தப் பெட்டிக்குப் பூட்டு எதுவும் கிடையாது. அதில் எல்லாம் தெரிந்தவள் நீ ஒருத்திதான். கோபித்துக்கொண்டு போனபோது பூட்டிவிட்டுப் போனாயா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்ச் மாதம் எனக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி குரல் நரம்போடு ஒட்டியிருந்தது, குரல் போனாலும் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள். போய்விட்டது. பேசினால் காற்றுதான் வருகிறது. பாட்டு இனிமேல் இல்லை. நாம் பதிவு செய்து வைத்த ஆறு பாட்டும் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. என் குரல் என்று உலகத்தில் மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

சாவியை அனுப்பு.

முகுந்தன்

*

பிரிக்பீல்ட்ஸ்
9 ஜூலை 2025

முகுந்தன் அண்ணனுக்கு,

குரல் போன செய்தி உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அதைப் படித்துவிட்டு அன்று நான் வேலை செய்யவில்லை. இதை ஒப்புக்கு எழுதவில்லை.

ஆனால் "பூட்டிவிட்டுப் போனாயா" என்று கேட்டீர்களே, அதற்கு எனக்கு வந்த கோபத்தையும் எழுதிவிடுகிறேன். உங்கள் குரலை நான் எதற்குப் பூட்ட வேண்டும்? மூன்று வருஷம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் குரலுக்கு மைக் பிடித்தவள் நான். நீங்கள் மூச்சு வாங்கும் இடம் உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும்.

நான் எதையும் பூட்டவில்லை. இப்போது வரும் கணினிகள் தாமாகவே டிஸ்க்கைப் பூட்டிக்கொள்கின்றன. வாங்கிய புதிதில் திறக்கும்போது ஒரு மின்னஞ்சல் கணக்கைக் கேட்கும். போட்டதும் சத்தமில்லாமல் பூட்டிவிட்டு, சாவியை அந்தக் கணக்கில் வைத்துவிடும். யாரிடமும் சொல்லாது. மதர்போர்டை மாற்றினால்தான், இது வேறு ஆள் கை என்று நினைத்துச் சாவியைக் கேட்கும். உங்கள் கணக்கில் பாருங்கள். நீலத் திரையில் சாவிக்கென்று ஓர் அடையாள எண் இருக்கும், அதையும் எழுதி அனுப்புங்கள்.

ஹாசிம் அண்ணனிடம் எது செய்தாலும் ஃபார்மேட் மட்டும் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். செய்தால் எல்லாம் போச்சு.

ஒரு நகல், ஒரே ஒரு நகல் எடுத்து வைக்கலாம் என்று நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்? ஜெஞ்சாரோம் குழு நம் பாட்டை எங்கிருந்தோ பிடித்து நமக்கு முன்னால் ரத ஊர்வலத்தில் பாடிவிட்டது என்று, பென் டிரைவ் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்றீர்கள். இப்போது ஜெஞ்சாரோம்காரன் நன்றாகத்தான் இருக்கிறான்.

கலா

*

பண்டமாரான்
15 ஜூலை 2025

கலாவுக்கு,

குத்திக் காட்டாமல் ஒரு கடிதம் எழுத உனக்கு வராது.

என் கணக்கில் பார்த்தேன், இல்லை. குழுவின் கணக்கிலும் பார்த்தேன், இல்லை. லேப்டாப் வாங்கிய டப்பா, ரசீது இருந்த உறை, சாமி மேடைக்குக் கீழே அம்மா சேர்த்து வைக்கும் காகிதக் கட்டு எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தாயிற்று. 2019-ல் தொலைந்த என் மோட்டார் சைக்கிள் ரோட் டேக்ஸ் கிடைத்தது. சாவி கிடைக்கவில்லை.

அடையாள எண்ணின் முதல் பகுதி 4B7E19C2. உன் கணக்கில் நீ பார்த்தாயா? அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

இங்கே நிலைமை சரியில்லை. குழுவில் இப்போது பாடுவது குகன் என்ற பையன். தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை. நல்ல குரல். கெட்ட குரலாக இருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருக்காது. ஒத்திகைக்கு லேப்டாப் வேண்டும் என்று அவன் கேட்கிறான். குழுவுக்கென்று வாங்கியது, கேட்பதில் தப்பும் இல்லை. ஃபார்மேட் செய்து கொடுத்துவிடு என்று அம்மாவும் ஆரம்பித்துவிட்டார். இல்லை என்று நான் சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. சிலேட்டில் எழுதிக் கத்த முடியாது என்பது உனக்குத் தெரியுமா?

உன் கணக்கில் பார்.

முகுந்தன்

*

பிரிக்பீல்ட்ஸ்
24 ஜூலை 2025

முகுந்தன் அண்ணனுக்கு,

பார்த்தேன். என் கணக்கில் இந்த ஸ்டூடியோ கணினியின் சாவி இருக்கிறது, என் சொந்தக் கணினியின் சாவி இருக்கிறது. உங்கள் எண் இல்லை. நம்ப வேண்டுமானால் நம்புங்கள்.

உங்கள் அம்மா ஃபார்மேட் செய்யச் சொல்வதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நான் தொட்டது எதுவும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று அவர் நினைக்கலாம்.

நான் கோபித்துக்கொண்டு போனதாக எழுதியிருந்தீர்கள். நடந்தது உங்களுக்கு மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். போன வருஷம் என் நிச்சயதார்த்தம் முறிந்தது. அடுத்த வாரம் ரத ஊர்வலத்தில் ஸ்பீக்கர் புகைந்தது. அதற்கடுத்து இரண்டு புக்கிங் கைவிட்டுப் போயின. பங்குனித் திருவிழா அன்று லோரியில் நான் சவுண்ட் மிக்சரில் வயர்களை மாட்டிக்கொண்டிருந்தபோது, எல்லார் முன்னாலும் உங்கள் அம்மா சொன்னார்: "இன்னைக்கு அவ மிக்சரத் தொட வேணாம். ராசி கெட்ட கை."

பத்துப் பேர் இருந்தீர்கள். நீங்கள் உருமியின் கயிற்றை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தீர்கள். ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது, எனக்கு அது கேட்டே தெரியும். நிமிர்ந்து பார்க்கவில்லை. புக்கிங் எடுத்த என் நம்பர் உங்கள் பேனரில் இருந்ததால் சிம் கார்டைக் கழற்றி மிக்சர் மேல் வைத்துவிட்டு இறங்கினேன். அப்போதும் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

கலா

*

பண்டமாரான்
4 ஆகஸ்ட் 2025

கலாவுக்கு,

நான் பேசவில்லை என்று எழுதியிருக்கிறாய். இப்போது பேசவே முடியாது. போதுமா?

சாவி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஹாசிம் கடையில் ஒரு சண்டை. சண்டை என்றால் அவர் பேசினார், நான் அவர் மேஜையைத் தட்டினேன். "பொட்டிய மொதல்ல தொறந்தது யாரு அண்ணே? அவங்க கணக்குலதான் சாவி போயிருக்கும் லா. அந்த ஆளக் கண்டுபிடிங்க, இல்லன்னா ஃபார்மேட்," என்றார். கடையில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதாம். கோபத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. குகன் வந்தால் மேலே போர்வையைப் போட்டுக்கொள்கிறேன். இந்த வயதில் இப்படி ஒரு பிழைப்பு.

வாங்கியது நான். வீட்டுக்குக் கொண்டுவந்தது நான். ஆகவே முதலில் திறந்ததும் நானாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் என் கணக்கில் இல்லை. என் தம்பி விஜயனைக் கேட்டேன், அவன் இல்லை. தம்புசாமிக்குக் கணினியைத் திறக்கவும் தெரியாது, மூடவும் தெரியாது. வேறு யார் என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது.

அந்தப் பெட்டிக்கே ராசி இல்லை, ஆயுத பூஜைக்கு முன்னால் வீட்டை விட்டு அனுப்பு என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். அக்டோபர் முதல் தேதி பூஜை. அதுவரைதான் என்னால் தாக்குப்பிடிக்க முடியும். அதற்குப் பிறகு குகனிடம் கொடுத்துவிடுவேன். அவன் ஃபார்மேட் செய்துகொள்ளட்டும். என் குரலைக் கேட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது.

முகுந்தன்

*

பிரிக்பீல்ட்ஸ்
13 ஆகஸ்ட் 2025

முகுந்தன் அண்ணனுக்கு,

முதல் வரியை எழுதி என்னை அடித்துவிட்டதாக நினைத்திருப்பீர்கள். வலித்ததுதான். பதில் எழுத வேண்டாம் என்று நான்கு நாள் இருந்தேன்.

ஆயுத பூஜை என்று எழுதினீர்களே, அந்த இடத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. முதலில் திறந்தது நான்.

லேப்டாப்பை வாங்கிய வருஷம் ஆயுத பூஜை அன்றுதான் அதைப் பிரித்தோம். உருமி, தப்பு, மிக்சர் எல்லாவற்றையும் சாமி மேடைக்கு முன்னால் வரிசையாக வைத்து, புதுப் பெட்டியை நடுவில் வைத்தார் உங்கள் அம்மா. மூடியில் சந்தனம் வைத்ததற்கு, உள்ளே போய்விடும் என்று நான் பதறியதும் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் திறக்கப் போனீர்கள். உங்கள் அம்மா கையைத் தட்டிவிட்டார். கலாதான் திறக்க வேண்டும், அவள் வந்த பிறகுதான் குழுவுக்கு புக்கிங் வருகிறது, அவளுக்குக் கைராசி என்றார். ஆமாம், அதே அம்மாதான்.

பெட்டி மின்னஞ்சல் கணக்கைக் கேட்டது. குழுவுக்கு அப்போது கணக்கு இல்லை. கற்பூரம் வேறு அணையப் போகிறது, எல்லாரும் நிற்கிறார்கள். என் பழைய கணக்கைப் போட்டேன். கல்லூரியில் படித்த காலத்துக் கணக்கு. அதற்குப் பிறகு நீங்கள் உங்கள் பெயரில் தனியாக ஒன்று போட்டுக்கொண்டீர்கள், நான் முதலில் போட்டதை எல்லாருமே மறந்துவிட்டோம். அந்தக் கணக்கை நான் திறந்தே வெகு நாளாகிறது. நீங்கள் மூன்று முறை எழுதியதாகச் சொன்ன மின்னஞ்சலும் அங்கேதான் கிடக்கும்.

ஆக, உங்கள் சாவி என்னிடம்தான் இருக்கிறது. இருக்கிறது, ஆனால் எடுக்க முடியவில்லை. பாஸ்வேர்டு மறந்துவிட்டது. மறந்துவிட்டது என்றால், என் போனுக்கு ரகசிய எண் அனுப்புகிறேன் என்கிறது. எந்த போனுக்கு? 27 என்று முடியும் நம்பருக்கு. நான் மிக்சர் மேல் கழற்றி வைத்துவிட்டு வந்த நம்பர்.

நேற்று மூன்று தடவை அனுப்பச் சொன்னேன். யாராவது பார்த்து என்னைத் தேடுவீர்கள் என்று ஒரு நப்பாசை. அந்த போன் இப்போது யார் கையில் இருக்கிறது?

கலா

*

பண்டமாரான்
20 ஆகஸ்ட் 2025

கலாவுக்கு,

நீயா! உன் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

புக்கிங் போன் அம்மாவிடம் இருக்கிறது. என்னால் பேச முடியாததால் அவர்தான் எடுக்கிறார். நீ சொன்ன ரகசிய எண்கள் வந்திருக்கின்றன. அம்மா எல்லாவற்றையும் அழித்துவிட்டார். "டிஏசி நம்பர யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு டிவில படிச்சுப் படிச்சு சொல்றாங்க. எந்த ஸ்கேமரோ விடாம அனுப்பிக்கிட்டே இருக்கான். நான் ஏமாறுவேனா?" என்று பக்கத்து வீட்டு வீரம்மா அக்காவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அனுப்பிய எண்ணை பிளாக் வேறு செய்திருந்தார். இந்த நாட்டில் ஏமாறாத ஒரே அம்மா எனக்கு வந்து வாய்த்தார்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். போன் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. உடனே மறுபடி அனுப்பு. வந்ததும் உனக்கு எஸ்எம்எஸ் செய்கிறேன். உன் புது நம்பரைக் கொடு.

முகுந்தன்

*

பிரிக்பீல்ட்ஸ்
2 செப்டம்பர் 2025

முகுந்தன் அண்ணனுக்கு,

உடனே அனுப்ப முடியாது. பல தடவை கேட்டதால் கணக்கு என்னைச் சந்தேகப்பட்டுக் கொஞ்ச நாள் பூட்டி வைத்திருக்கிறது. என் கணக்கு என்னை நம்பவில்லை, உங்கள் பெட்டி உங்களை நம்பவில்லை. வாசலில் நின்றுகொண்டு நாம் இரண்டு பேரும் சண்டை போடுகிறோம்.

பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்வோம். காலை பதினொரு மணி. ஸ்டூடியோவில் அன்று பதிவு இல்லை. நான் எண் கேட்பேன், அது உங்கள் கையில் இருக்கும் போனுக்கு வரும். சில நிமிஷம்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

புது நம்பரைத் தர மாட்டேன். அந்த வீட்டுக்கு என் நம்பர் இனிமேல் வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன். சின்னத்தனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவில் மேஜை போன் ஒன்று இருக்கிறது, நம்பர் இந்தக் கடிதத்தின் தலைப்பிலேயே அச்சாகியிருக்கிறது. அதற்குக் கூப்பிட்டு எண்ணைச் சொல்ல வேண்டும்.

உங்களால் பேச முடியாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். குகன் வாசிக்கட்டும், தம்புசாமி அண்ணன் வாசிக்கட்டும். உங்கள் அம்மா மட்டும் வேண்டாம். பெட்டியும் பக்கத்தில் இருக்கட்டும். சாவியை அப்போதே சொல்லிவிடுகிறேன்.

கலா

*

பண்டமாரான்
8 செப்டம்பர் 2025

கலாவுக்கு,

ஒரு எஸ்எம்எஸ்ஸில் முடிகிற காரியத்துக்கு இவ்வளவு பிடிவாதம்.

மார்ச்சுக்குப் பிறகு நான் போனில் யாரிடமும் பேசியதில்லை. பாசாரில்கூட கையால் காட்டித்தான் மீன் வாங்குகிறேன். முன்பு கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு முனையில் நான் பாடினால் மறுமுனையில் கேட்கும். இன்று என் பக்கத்தில் இருப்பவன் "என்னாண்ணே?" என்று காதைக் கொண்டுவருகிறான். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல்தான் பேசுவதை விட்டேன்.

தம்புசாமிக்கு ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் ஷிஃப்ட். குகனைக் கேட்கலாம். கேட்டால் செய்வான், நல்ல பையன். ஆனால் என் குரலைத் திறக்கிற எண்ணை அவன் குரலில் நீ கேட்க வேண்டாம். அதை என்னால் தாங்க முடியாது.

ஞாயிறு பதினொரு மணி. அம்மா கோயிலுக்குப் போயிருப்பார். போனை எடுத்ததும் ஒன்றும் கேட்கவில்லை என்று வைத்துவிடாதே.

முகுந்தன்

*

பிரிக்பீல்ட்ஸ்
15 செப்டம்பர் 2025

முகுந்தன் அண்ணனுக்கு,

நேற்று நீங்கள் போனை வைத்த பிறகு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நிஜமாகவே வைக்கப் போனேன். வெறும் இரைச்சல்தான் கேட்டது. கம்பி சரியில்லை என்று நினைத்தேன். பிறகுதான் அந்த இரைச்சல் மூச்சுவிட்டது. நீங்கள் சொன்ன ஆறு இலக்கத்தில் எனக்குப் பிடிபட்டது இரண்டு. ஃபோரா ஃபைவா என்று கேட்டுக்கொண்டிருந்தபோதே அந்த எண் காலாவதியாகிவிட்டது. இரண்டாவது எண்ணும் அப்படியே போனது. இன்னும் ஒரு தடவை தவறினால் கணக்கு மறுபடி பூட்டிக்கொள்ளும் என்ற பதற்றத்தில் நான் கத்திவிட்டேன். "அண்ணே, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்களேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. நீங்கள் போனை வைத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். நியாயமாக வைத்திருக்கலாம்.

நீங்கள் சொன்னீர்கள். ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு முழு மூச்சு எடுத்து, பாட்டில் உச்சிக்குப் போவதற்கு முன்னால் எடுப்பீர்களே அந்த மூச்சு, அதை எடுத்துச் சொன்னீர்கள். எனக்கு அந்த மூச்சு தெரியும். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆறையும் எழுதினேன். கணக்கு திறந்தது. உங்கள் மூன்று மின்னஞ்சல்களும் வரிசையாக இருந்தன, மூன்றும் திட்டு. சாவிப் பக்கத்தில் 4B7E19C2.

நான் ஆறு ஆறாக வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் போனில் ஒரு தட்டுத் தட்டினீர்கள். எட்டாவது தட்டும் விழுந்தது. திறந்ததா என்று கேட்டேன். அப்புறம் போனை லேப்டாப் ஸ்பீக்கரில் வைத்தீர்கள்.

ஆறு பாட்டில் ஏதாவது ஒன்றைப் போடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் போட்டது அதில் இருந்த முதல் பதிவு. பூஜை அன்று நான் மைக்கைச் சோதிக்க எடுத்தது. மணி அடிக்கிற சத்தம், அப்புறம் உங்கள் அம்மா: "பாத்தீங்களா, கலா கை பட்டதும் வேலை செய்யுது. இனிமே இந்தப் பொட்டிய அவதான் மொதல்ல தொடணும். சொல்லிட்டேன்." அதற்கு நீங்கள் சிரிக்கிறீர்கள். வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அப்படியே முருகன் பாட்டை எடுக்கிறீர்கள்.

பாட்டு முடிந்தும் நீங்கள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அழுதது நீங்களா நானா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் இப்போது ஒரே மாதிரிதான் கேட்கின்றன.

சாப்பிடுவதற்கு முன்னால் இரண்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். ஒன்று எனக்கு. ஜெஞ்சாரோம்காரன் திருடினால் திருடட்டும்.

கலா

*

பண்டமாரான்
19 செப்டம்பர் 2025

கலாவுக்கு,

டிஸ்க்கை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். விஜயன் கையில் கொடுத்து அனுப்புகிறேன், தபாலை நம்பவில்லை. ஹாசிம் சொல்லி எனக்கு இரண்டு நகல் எடுத்தேன், நீ கேட்டதால் உனக்கு ஒன்று. மொத்தம் மூன்று. இனி ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

ஆறையும் கேட்டேன். மூன்றாவது பாட்டில் நான் சுருதி விலகுகிறேன். அன்றைக்கே நீ சொன்னாய், நான் ஒத்துக்கொள்ளவில்லை. இனி அதைத் திருப்பிப் பாட ஆள் இல்லை. அப்படியே இருக்கட்டும்.

பூஜைக்கு முன்னால் அந்தச் சோதனைப் பதிவில் இருக்கும் முருகன் பாட்டை மட்டுமாவது நீ சரிசெய்து அனுப்பினால், அன்று சாமி மேடையில் வைத்துப் போடுவேன். குகனும் குழுவும் வருவார்கள். குகன் இந்தப் பாட்டைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறான். கற்றுக்கொள்ளட்டும். ஆனால் முதலில் என்னுடையதைக் கேட்கட்டும்.

ஒரு உதவி. அதில் பாட்டுக்கு முன்னால் அம்மா பேசுவதை வெட்டிவிடு. நான் அவரிடம் இன்னும் போட்டுக் காட்டவில்லை. எல்லார் முன்னாலும் கேட்டால் சங்கடப்படுவார். வயதானவர். நடந்தது நடந்துவிட்டது.

முகுந்தன்

*

பிரிக்பீல்ட்ஸ்
26 செப்டம்பர் 2025

முகுந்தன் அண்ணனுக்கு,

பாட்டு முடிந்தது. விஜயனிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் குரலில் நான் எதையும் மாற்றவில்லை. மழைச் சத்தம் கொஞ்சம் இருந்தது, அதை மட்டும் எடுத்தேன். மூச்சுகளை விட்டு வைத்திருக்கிறேன். மற்ற ஆறு பாட்டையும் ஒவ்வொன்றாகச் செய்து தருகிறேன்.

வெட்டச் சொன்னீர்கள். உங்கள் கடிதத்தின் அந்தப் பகுதியைப் படித்ததும் டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. உருமிக் கயிற்றை இன்னும் இறுக்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எல்லார் முன்னாலும் கேட்டால் அவர் சங்கடப்படுவார் என்கிறீர்கள். என்னைச் சொன்னதும் எல்லார் முன்னாலும்தான்.

நான் வெட்டவில்லை. பாட்டு மணிச் சத்தத்தில் தொடங்கும், பிறகு உங்கள் அம்மா பேசுவார், பிறகு நீங்கள் சிரிப்பீர்கள், அப்புறம்தான் பாட்டு. அவர் குரலைக் கொஞ்சம் தூக்கியும் வைத்திருக்கிறேன், ஒரு வார்த்தைகூடத் தெளிவில்லாமல் போகக் கூடாது. வேண்டுமென்றால் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். எப்படி வெட்டுவது என்று குகனுக்குத் தெரிந்திருக்கும். வெட்டினீர்களா இல்லையா என்று நான் கேட்க மாட்டேன்.

வெட்டாமல் போட்டால், புதன்கிழமை பூஜையில் அவரைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுத வேண்டாம். கூப்பிட்டு, உங்கள் வாயால் சொல்லுங்கள். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு எடுத்தாலும் பரவாயில்லை, நான் வைக்க மாட்டேன்.

ஸ்டூடியோவுக்கு வேண்டாம். என் புது நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

கலா